எதிர்க்கப் பிறந்த கட்சி ஆள வந்த கதை

(‘கொள்கையா, பதவியா?’ என்னும் தலைப்பில் ஒளியேறிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்பது என் வேலை. இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான், நம் விருந்தினர்கள் ஏன் அடிக்கடி தண்ணீர் கேட்கிறார்கள் என்பது புரிகிறது.

எனக்கு முன் பேசிய ஐயா, கொள்கை உள்ளவன் பதவியின் பக்கமே போகக் கூடாது, போனால் கொள்கை கரைந்துவிடும் என்றார். கைதட்டினீர்கள். அடுத்துப் பேசிய அம்மையார், பதவி இல்லாத கொள்கை ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்றார். அவருக்கும் கைதட்டினீர்கள். இரண்டு பேரும் சொன்னது ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா? முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சாட்சியாக ஒரு கட்சியை உங்கள் முன் நிறுத்துகிறேன். அதுதான் ஜெர்மனியின் பசுமைக் கட்சி.

நான் படங்களோடு பிழைப்பவள். ஆகவே ஒரு படத்திலிருந்தே தொடங்குகிறேன். 1999ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி. பீலஃபெல்ட் என்னும் நகரில் பசுமைக் கட்சியின் சிறப்பு மாநாடு. மேடையில் யோஷ்கா ஃபிஷர் உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்தக் கட்சியின் மிகப் பிரபலமான தலைவர். அப்போது நாட்டின் வெளியுறவு அமைச்சர். கூட்டத்திலிருந்து ஒருவர் சிவப்புச் சாயம் நிரப்பிய பையை வீசுகிறார். அது அமைச்சரின் காதோரத்தில் பட்டு வெடிக்கிறது. கழுத்து, கோட்டு எங்கும் சிவப்பு. செவிப்பறை கிழிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கறையோடு ஒலிபெருக்கி முன் நின்று பேசினார். சொந்தக் கட்சிக்காரர்களே விசிலடித்தார்கள், ‘போர் வெறியன்’ என்று கத்தினார்கள்.

அமைதிக்காகப் பிறந்த கட்சியின் மாநாட்டில் இது நடந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கொஞ்சம் பின்னால் போவோம்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் நதிக்கரையில், வீல் என்று ஒரு சிற்றூர். சுற்று வட்டாரம் முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். ஒயின் காய்ச்சிப் பிழைக்கும் விவசாயிகள். 1970களில் அங்கே அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். விவசாயிகளின் முதல் பயம் கதிர்வீச்சைப் பற்றியதுகூட இல்லை. குளிரூட்டும் கோபுரங்களிலிருந்து வரும் நீராவி மூடுபனியாகப் படர்ந்து வெயிலை மறைத்துவிடும், திராட்சை பழுக்காது என்பதுதான் அவர்கள் கவலை. மாநில முதல்வர் ஃபில்பிங்கர், இந்த நிலையம் வராவிட்டால் பத்தாண்டு முடிவதற்குள் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று எச்சரித்தார். விவசாயிகள் கேட்கவில்லை. 1975 பிப்ரவரியில் கட்டுமான இடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். காவல்துறை தண்ணீர் பீய்ச்சி விரட்டியது. மூன்று நாள் கழித்து ஏறத்தாழ 28,000 பேர் திரண்டு வந்து மீண்டும் இடத்தைப் பிடித்தார்கள். டிராக்டர் ஓட்டும் விவசாயி, ஃபிரைபர்க் பல்கலைக்கழக மாணவர், நதிக்கு அக்கரையிலிருந்து வந்த பிரெஞ்சு நாட்டு விவசாயி என்று கலந்த கூட்டம். இரண்டு கரையிலும் பேசுவது ஒரே வட்டார மொழி என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். கொட்டகை போட்டு, அதற்குள் அணுசக்தி பற்றியும் சுற்றுச்சூழல் பற்றியும் உரைகள் நடத்தினார்கள். அந்த அணுமின் நிலையம் கட்டப்படவே இல்லை. விளக்குகளும் அணையவில்லை. அந்த இடம் இப்போது இயற்கைப் பாதுகாப்புப் பகுதி.

இப்படி ஊருக்கு ஊர் முளைத்த போராட்டங்கள் சேர்ந்து, 1980 ஜனவரியில் கால்ஸ்ரூ நகரில் ஒரு கட்சியாக உருவெடுத்தன. யார் யார் அதில் இருந்தார்கள் என்று பார்த்தால் நமக்கே தலை சுற்றும். இடதுசாரி மாணவர்கள், பெண்ணுரிமைப் போராளிகள், தேவாலயத்துக்குப் போகும் பழைமைவாதிகள், இயற்கை விவசாயிகள், யோசப் பாய்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர்! ஒரே வாகனத்தில் ஏற்றினால் வழியிலேயே சண்டை போட்டுக் கொள்ளக்கூடிய ஆட்கள். உண்மையிலேயே சண்டை போட்டார்கள். பழைமைவாதிகளில் பலர் சீக்கிரமே இறங்கியும் போனார்கள். மிஞ்சியவர்களை நான்கு சொற்கள் கட்டி வைத்திருந்தன: சுற்றுச்சூழல், சமூக நீதி, அடித்தள மக்களாட்சி, அகிம்சை.

அவர்களின் முகமாக விளங்கியவர் பெட்ரா கெல்லி. ஜெர்மனியில் பிறந்து, தாயின் மறுமணத்துக்குப் பின் அமெரிக்காவில் வளர்ந்தவர். காந்தியடிகளையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் வழிகாட்டிகளாகக் கொண்டவர். அவருடைய தங்கை கிரேஸ் பத்து வயதில் புற்றுநோயால் இறந்துபோனாள். அந்த இழப்புதான் அவரைக் கதிர்வீச்சின் ஆபத்தைப் பற்றிப் படிக்க வைத்தது. கெல்லி தம் கட்சியை ‘கட்சிகளுக்கு எதிரான கட்சி’ என்று அழைத்தார்.

ஜெர்மனியில் ஐந்து விழுக்காடு வாக்கு கிடைக்காத கட்சிக்குப் பொதுவாக நாடாளுமன்றத்தில் இடமில்லை. 1980 பொதுத்தேர்தலில் பசுமைக் கட்சிக்குக் கிடைத்தது 1.5 விழுக்காடு. 1983இல் 5.6. மேற்கு பெர்லின் பிரதிநிதியையும் சேர்த்து 28 பேர் உள்ளே போனார்கள். அந்தப் படத்தையும் சிலர் பார்த்திருக்கலாம். கோட்டு, டை அணிந்த மனிதர்கள் நிறைந்த மன்றத்தில், கம்பளிச் சட்டையும் தாடியுமாக, கையில் பூந்தொட்டிகளோடும், அமில மழையில் பட்டுப்போன மரக்கிளைகளோடும் இவர்கள் நுழைகிறார்கள். தொலைக்காட்சிக்கு அதைவிட நல்ல தீனி ஏது?

அந்தப் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. பதவி தங்களைக் கெடுத்துவிடும் என்று இவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம் ஐயா இன்று சொன்ன அதே பயம். அதற்காகத் தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக் கொண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கொண்டு, மீதியை இயக்கத்துக்கான நிதியில் சேர்த்துவிட வேண்டும். இரண்டு ஆண்டு ஆனதும் பதவி விலகி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கட்சிப் பொறுப்பையும் நாடாளுமன்றப் பதவியையும் ஒருவரே வைத்திருக்கக் கூடாது. 1984இல் நாடாளுமன்றக் குழுவின் தலைமையில் ஆறு பேர். ஆறு பேருமே பெண்கள். 1986இல், பதவிகளிலும் வேட்பாளர் பட்டியலிலும் குறைந்தது பாதி பெண்களுக்கு என்று விதியே செய்தார்கள். அது இன்றுவரை நிலைத்த நல்ல காரியம்.

இரண்டு ஆண்டு விதி நிலைக்கவில்லை. அதை ஏற்க மறுத்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? பெட்ரா கெல்லியேதான். ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளவே இரண்டு ஆண்டு ஆகிறது, கற்றதும் எழுந்து போ என்றால் எப்படி என்பது போன்ற வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்சிக்குள் பலர் அவரை மன்னிக்கவில்லை. உலகம் முழுவதும் அழைத்துக் கொண்டாடிய பெண்மணி சொந்தக் கட்சியில் தனித்துப் போனார். 1992 அக்டோபரில் பான் நகர வீட்டில் அவரும், அவரோடு வாழ்ந்த முன்னாள் இராணுவ ஜெனரல் கெர்ட் பாஸ்டியனும் இறந்து கிடந்தார்கள். பாஸ்டியன் அவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக் கொண்டார் என்பது காவல்துறையின் முடிவு. இறந்து இரண்டு வாரங்களுக்கும் மேலாகிய பிறகே உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அத்தனை நாள் அவர்களை யாரும் தேடவில்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அகிம்சையைப் பேசிய பெண் துப்பாக்கிக் குண்டால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இனி ஃபிஷரிடம் வருவோம். கெல்லிக்கு நேர்மாறானவர். கசாப்புக் கடைக்காரரின் மகன், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஃபிராங்ஃபர்ட் வீதிகளில் காவல்துறையோடு கைகலந்தவர், டாக்சி ஓட்டியவர். 1973இல் அவர் ஒரு காவலரை அடிக்கும் பழைய படங்கள் 2001இல் வெளிவந்து, அமைச்சராக இருந்தவர் அந்தக் காவலரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1985 டிசம்பரில் ஹெஸ்ஸன் மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி அமைந்து, சுற்றுச்சூழல் அமைச்சராகப் பதவி ஏற்றபோது, வெள்ளை நிற விளையாட்டுக் காலணி அணிந்து போய்ச் சத்தியப் பிரமாணம் எடுத்தார். அந்தக் காலணி இன்று ஆஃபன்பாக் நகரில் உள்ள தோல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். காலணி புகழ்பெற்றுவிட்டது. அமைச்சர் பதவியோ 14 மாதம்தான் நீடித்தது. ஓர் அணு எரிபொருள் ஆலைக்கு அனுமதி கொடுக்கும் தகராறில் கூட்டணி உடைந்தது.

1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தன. நாடே அந்த மகிழ்ச்சியில் திளைத்தபோது, எல்லாரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று இவர்கள் பிரசாரம் செய்தார்கள். அவர்கள் சொல்ல வந்தது பருவநிலை மாற்றம். இன்று படித்தால் தீர்க்கதரிசனம். அன்று அது எடுபடவில்லை. மேற்கில் 4.8 விழுக்காடு வாங்கி வெளியே போனார்கள். கிழக்கில் மக்களாட்சிக்குப் போராடியவர்களின் அணி எட்டு இடங்கள் பெற்றது. 1993இல் இரு தரப்பும் ஒன்றாயின. 1994இல் திரும்பி வந்தார்கள். 1998இல் கெர்ஹார்ட் ஷ்ரோடர் சான்சலரானார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பிரதமர். பசுமைக் கட்சி முதன்முறையாக மத்திய அரசில் அமர்ந்தது. ஃபிஷர் வெளியுறவு அமைச்சர். யூர்கன் டிரிட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர்.

நாற்காலி சூடாவதற்குள் போர் வந்துவிட்டது. கொசோவோவில் அல்பேனிய மக்கள் விரட்டியடிக்கப்பட்டுக் கொண்டிருந்தார்கள். 1999 மார்ச் 24இல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டுவீசத் தொடங்கியது. ஐக்கிய நாட்டுச் சபையின் ஒப்புதல் இல்லாமல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியப் படை போரில் இறங்கியது அதுதான் முதல் தடவை. அதற்குச் சம்மதித்தது அகிம்சையைத் தூணாக வைத்துக் கட்டிய கட்சி. அதனால்தான் பீலஃபெல்ட். அதனால்தான் அந்தச் சாயப் பை.

ஃபிஷர் அன்று என்ன சொன்னார்? மீண்டும் போர் வேண்டாம் என்பது தம் கொள்கை. மீண்டும் ஓர் ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்பதும் தம் கொள்கை என்றார். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம்தான் ஆஷ்விட்ஸ். நான்கு ஆண்டுக்கு முன் சிரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டபோது உலகம் கையைக் கட்டிக் கொண்டு நின்றது. இரண்டு கொள்கைகளும் மோதும்போது எதை எடுப்பது? அவர் ஒன்றை எடுத்தார். வாக்கெடுப்பில் 444க்கு 318 என்று தலைமையின் தீர்மானம் வென்றது. அவர் செய்தது சரியா என்று இன்றும் ஜெர்மானியர்கள் வாதிடுகிறார்கள். இதே ஃபிஷர்தான் 2003இல் ஈராக் போருக்கு முன், அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டை நேரில் வைத்துக் கொண்டு, மன்னிக்கவும், எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று சொன்னவர். அந்தப் போருக்கு ஜெர்மனி படை அனுப்பவில்லை.

இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த ஒரு வாக்கெடுப்பைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிரபலமான படம் எதுவும் இல்லை. 2001 நவம்பர் 16. ஆப்கானிஸ்தான் போருக்காக 3,900 வீரர்கள் வரை அனுப்ப ஷ்ரோடர் அனுமதி கேட்கிறார். பசுமைக் கட்சியில் எட்டுப் பேர் எதிர்ப்பு. ஷ்ரோடர் ஒரு காரியம் செய்தார். இந்தத் தீர்மானத்தையும் தம் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். எட்டுப் பேரும் எதிர்த்தால் அரசு கவிழும். சுற்றுச்சூழல் திட்டங்கள் அத்தனையும் அதோடு போகும். எட்டுப் பேரும் ஆதரித்தால் மனசாட்சி போகும். எட்டுப் பேர் கூடிப் பேசினார்கள். நான்கு பேர் எதிர்த்து வாக்களிப்பது, நான்கு பேர் ஆதரித்து வாக்களிப்பது என்று பிரித்துக் கொண்டார்கள். தேவைப்பட்ட வாக்கு 334, கிடைத்தது 336.

எதிர்த்த நால்வரில் ஒருவர் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெலெ. கொள்கை வீரர் என்று பெயர் பெற்றார். அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குப் பாதுகாப்பான இடம் தரவில்லை. அவர் பெர்லினில் சைக்கிளில் சுற்றி வாக்குக் கேட்டு, தொகுதியில் நேரடியாக வென்ற முதல் பசுமைக் கட்சி உறுப்பினரானார். நல்ல கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆதரித்து வாக்களித்த அந்த நான்கு பேரை யார் நினைக்கிறார்கள்? அவர்களும் போரை எதிர்த்தவர்கள்தாம். அவர்கள் கையில் கறை பட்டதால்தான் ஷ்ட்ரோபெலெயால் சுத்தமான கையோடு வெளியே வர முடிந்தது. அரசும் விழாமல் நின்றது. பதவிக்குப் போகாதவன் தூயவன் என்று சொல்வதற்கு முன் அந்த நான்கு பேரையும் ஐயா அவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, விழாமல் நின்ற அரசு என்ன செய்தது? இங்கேயும் படம் கிடையாது. 2000 ஏப்ரல் 1இல் புதுப்பிக்கக்கூடிய எரிசக்திச் சட்டம் நடப்புக்கு வந்தது. பசுமைக் கட்சியின் ஹான்ஸ் யோசப் ஃபெல்லும் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் ஷேரும் முன்னின்று உருவாக்கிய சட்டம். விஷயம் எளிது. உங்கள் கூரையில் சூரியசக்தித் தகடு வைக்கிறீர்கள் அல்லது வயலில் காற்றாலை வைக்கிறீர்கள். மின் நிறுவனம் உங்களுக்கு இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் மின்சாரத்தை முதலில் வாங்கியே ஆக வேண்டும். இருபது ஆண்டுக்கு நிர்ணயித்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவு எல்லாருடைய மின்கட்டணத்திலும் சிறிது சிறிதாகப் பரவும். வங்கிக்குப் போய்க் கடன் கேட்கும் விவசாயிக்கு இதைவிட நல்ல பத்திரம் எது? கொட்டகைக் கூரைகளெல்லாம் மின் நிலையங்களாயின. 2000இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் சுமார் 6 விழுக்காடு புதுப்பிக்கக்கூடிய வளங்களிலிருந்து வந்தது. 2023இல் பாதிக்கு மேல்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பரில் மலேசியாவும் இதே வழியில் தன் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்திய வீடுகளின் கட்டணச் சீட்டில் புதுப்பிக்கக்கூடிய எரிசக்தி நிதி என்று 1 விழுக்காடு சேர்ந்ததே, அதன் மூலம் அங்கேதான். ஜெர்மனியின் கியூ-செல்ஸ் நிறுவனம் நம் சைபர்ஜெயாவில் தொழிற்சாலையே கட்டியது. பிறகு சீனத் தகடுகள் மலிவாக வந்து குவிந்ததில் 2012இல் நொடித்துப் போய், மலேசியத் தொழிற்சாலையோடு சேர்த்துத் தென்கொரியாவின் ஹன்வா கைக்கு மாறியது. சட்டம் போட்டவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

எதிர்பாராத இன்னொன்று செலவு. 2004இல் அமைச்சர் டிரிட்டின், இதனால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் மாதச் செலவு ஓர் ஐஸ்கிரீம் உருண்டையின் விலைதான் என்றார். 2017இல் அந்தக் கூடுதல் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 6.88 செண்ட். ஆண்டுக்கு 3,500 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு மாதம் சுமார் 20 யூரோ! 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தையே நீக்கினார்கள். ஆனால் ஐஸ்கிரீம் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. ஏழை வீட்டுச் செலவை விளையாட்டாகப் பேசினால் மக்கள் மறக்கமாட்டார்கள். இந்தக் கட்சியின் மீது படித்தவர்களின் கட்சி, வசதியானவர்களின் கட்சி என்று இருக்கும் குறை இப்படித்தான் வளர்ந்தது. 2023இல் வீட்டு வெப்பமூட்டிகளை மாற்றும் சட்டம் கொண்டு வந்தபோதும் அதே தவறு, இன்னும் பெரிய அளவில்.

அணுசக்தி விஷயத்துக்கு வருகிறேன். 2000 ஜூனில் மின் நிறுவனங்களோடு உடன்பாடு, 2002இல் சட்டம். புதிய நிலையம் கிடையாது, பழையவை ஆயுள் முடிந்ததும் மூடப்படும். போராட்டக்காரர்கள் உடனே மூடச் சொன்னார்கள். கிடைத்தது பல ஆண்டுத் தவணை. 2001இல் அணுக்கழிவு ஏற்றிய ரயில் கோர்லெபனுக்குப் போனபோது, தண்டவாளத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக் கொண்டார்கள் போராட்டக்காரர்கள். இந்தத் தடவை எதிர்க்கக் காரணமில்லை என்று தம் கட்சியினரைக் கேட்டுக் கொண்டவர் அமைச்சர் டிரிட்டின்! முன்பு அதே ரயில்களை எதிர்த்த கட்சியின் அமைச்சர்.

2010இல் ஆங்கெலா மெர்கல் அரசு நிலையங்களின் ஆயுளைச் சராசரி 12 ஆண்டு நீட்டித்தது. 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமா. சில நாளில் மெர்கல் தம் முடிவையே மாற்றிக் கொண்டார். அதே மாதம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சி 24.2 விழுக்காடு பெற்றது. வின்ஃபிரீட் கிரெட்ஷ்மன் நாட்டின் முதல் பசுமைக் கட்சி முதல்வரானார். வீல் கிராமம் இருக்கும் மாநிலம் அதுதான். ஃபில்பிங்கர் உட்கார்ந்த நாற்காலியும் அதுதான். மெர்சிடிஸ், போர்ஷே கார்கள் செய்யும் மாநிலமும் அதுதான் என்பதால், அவர் கார் தொழிலோடு சமாதானமாகப் போனதும் உண்மை. 2016லும் 2021லும் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

2021 முடிவில் இரண்டாம் முறை மத்திய ஆட்சி. போர் நடக்கும் பகுதிகளுக்கு ஆயுதம் கூடாது என்று அந்த ஆண்டு தேர்தல் சுவரொட்டி ஒட்டினார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தது. ஆயுதம் அனுப்ப வேண்டும் என்று அரசில் உரக்கக் குரல் கொடுத்தது இவர்கள்தாம். ரஷ்ய எரிவாயுவுக்கு மாற்றுத் தேடிப் பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் கத்தார் போய்க் குனிந்து கைகுலுக்கினார். அந்தப் படமும் உலகம் சுற்றியது. மூடவிருந்த நிலக்கரி ஆலைகளைத் திறந்தார்கள். 2022 டிசம்பரில் மூட வேண்டிய கடைசி மூன்று அணுமின் நிலையங்களுக்குச் சில மாதத் தவணை கொடுத்தார்கள்.

லுட்ஸராட் கதைதான் எனக்கு ஜீரணமாகவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் இருந்த சிற்றூர். சுரங்க நிறுவனத்தோடு 2022 அக்டோபரில் ஹாபெக் ஓர் உடன்பாடு செய்தார். அந்த வட்டாரத்தில் நிலக்கரியை 2038க்குப் பதிலாக 2030லேயே நிறுத்துவது, ஐந்து ஊர்களைக் காப்பாற்றுவது, லுட்ஸராட்டை மட்டும் கொடுத்துவிடுவது. எட்டு ஆண்டு முன்னதாக நிறுத்துவது பெரிய லாபம்தான், கணக்குப்படி. 2023 ஜனவரியில் மரவீடுகளில் இருந்த இளைஞர்களைக் காவல்துறை இறக்கியது. சேற்றில் நின்று போராடியவர்களில் கிரேட்டா துன்பெர்க்கும் இருந்தார். 1975இல் வீல் கிராமத்தில் தண்ணீர் பீய்ச்சப்பட்டவர்களின் கட்சி, இந்தப் பக்கம் அமைச்சகத்தில் இருந்தது. கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அந்தக் கணக்கைச் சொல்ல என்னால் முடியாது. ஹாபெக்கால் முடிந்தது, அதற்காக அவரைப் பாராட்டுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 15இல் கடைசி மூன்று அணுமின் நிலையங்களும் நின்றன. வீல் போராட்டத்திலிருந்து எண்ணினால் 48 ஆண்டு. பெட்ரா கெல்லி அதைப் பார்க்கவில்லை. நிலக்கரி எரியும்போது அணுசக்தியை நிறுத்தியது தவறு என்று சொல்பவர்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்குள்ளேயே உண்டு. அந்த வாதத்திலும் வலு இருக்கிறது.

2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது. 2025 பிப்ரவரித் தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 11.6 விழுக்காடு, 85 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. கொள்கைக்காரர்கள் ஆட்சிக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார்கள் என்று ஐயா சொல்லலாம். ஆனால் அடுத்த மாதமே, புதிதாக ஆட்சி அமைக்கவிருந்தவர்கள் கடன் வரம்பைத் தளர்த்த அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பசுமைக் கட்சியின் கதவைத் தட்டினார்கள். தேர்தல் மேடையில் தங்களைக் கேலி செய்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல், 50,000 கோடி யூரோ நிதியில் 10,000 கோடியைப் பருவநிலைப் பணிகளுக்கு எழுதி வாங்கிக் கொண்டுதான் கையைத் தூக்கினார்கள். பூந்தொட்டியோடு வந்த அந்த 28 பேருக்கு இப்படிப் பேரம் பேசத் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நெறியாளர் மணி அடிக்கக் கையை எடுத்துவிட்டார். அந்த எட்டுப் பேர் அறையில் உட்கார்ந்து பேசியபோது, யார் ஆதரிப்பது, யார் எதிர்ப்பது என்று எப்படிப் பிரித்திருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அடுத்துப் பேசவிருக்கும் அன்பரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டு அமர்கிறேன். பழக்கதோஷம், கேள்வி கேட்காமல் என்னால் இருக்க முடியாது. அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால், எந்த நான்கு பேரில் ஒருவராக இருந்திருப்பீர்கள்?